காசில்லாமல் எடுத்த ரத்தக் காட்டேரிப் படங்கள்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு

ரத்தக் காட்டேரிப் படம் பார்க்கலாம் என்று ஆசையாக உட்கார்ந்து, இருபதாவது நிமிடத்தில் கயிற்றில் தொங்கும் ரப்பர் வௌவாலைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அவர்களில் சிலராவது திரும்பி வர வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன். இனிமேல்தான் பார்க்க ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கும் உதவும். பெரிய ஸ்டூடியோக்கள் எடுத்த பளபளப்பான டிராகுலா படங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. அவை தாமாகவே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கையில் காசில்லாதவர்கள் எடுத்த படங்களுக்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பேய் வகைகளிலேயே காட்டேரிக்குத்தான் செலவு குறைவு. ஒரு முகம், ஒரு கழுத்து, ஒரு ராத்திரி இருந்தால் போதும். அதனால்தான் சினிமாவின் ஊமைக் காலத்திலிருந்து இன்றுவரை, எடுக்க வேண்டும் என்ற வெறி இருந்து பணம் இல்லாதவர்கள் மறுபடி மறுபடி இந்தக் கதையிடம் வந்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் குறைகள் இருக்கும், நிச்சயம் இருக்கும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். குறை கண்ணில் பட்டதும் நிறுத்திவிடாமல், அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது படத்தின் குறையா, உங்கள் கையில் கிடைத்த பிரதியின் குறையா, அல்லது பணம் தீர்ந்த இடத்தில் யாரோ ஒருவர் யோசித்துச் செய்த வேலை உங்களுக்குக் குறையாகத் தெரிகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: பிரதியைச் சரிபாருங்கள்

ஆரம்பிக்க வேண்டிய படம் 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. பிராணா ஃபிலிம் என்ற சின்ன நிறுவனம் தயாரித்தது. அந்த நிறுவனம் எடுத்த முதல் படமும் கடைசிப் படமும் இதுதான். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலான 'டிராகுலா'வை உரிமை வாங்காமல் எடுத்து, டிராகுலா பிரபு என்ற பெயரை ஓர்லோக் பிரபு என்று மாற்றிவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை. வழக்கு நடந்து, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி 1925-இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போயிருந்த சில பிரதிகள் தப்பின. இன்று நாம் பார்ப்பது அவற்றிலிருந்து ஒட்டிச் சேர்த்த படம்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டு மொட்டை மாடியில். வேட்டியைக் கொடிக் கம்பியில் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரை வைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பிரதியைப் போட்டேன். பெரியம்மாவும் வந்து பாயில் உட்கார்ந்தார். ஓர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்துவரும் காட்சி வந்தது. வெயில் அப்படி அடிக்கிறது, நிழல் தரையில் கறுப்பாக விழுகிறது. "ஏன்டா, பட்டப்பகல்ல பொட்டியத் தூக்கிட்டுப் போறானே, இவனா வெயில் பட்டா சாவான்?" என்று கேட்டார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தின் ஓட்டை என்றே நானும் நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்துச் சீரமைக்கப்பட்ட பிரதி ஒன்று கிடைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்து ஃபிலிமில் ராத்திரியில் வெளிப்புறக் காட்சி எடுப்பது பெரும்பாடு. அதனால் பகலில் எடுத்து, பிரதி போடும்போது அந்தப் பகுதியை நீலச் சாயத்தில் முக்கிவிடுவார்கள். நீலம் என்றால் ராத்திரி. மஞ்சள் என்றால் பகல் அல்லது விளக்கு வெளிச்சம். விடியற்காலைக்கு இளஞ்சிவப்பு. 1922-இல் தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த மொழி தெரியும். பிற்காலத்தில் சாயம் இல்லாமல் வெறும் கறுப்பு வெள்ளையாகப் போட்ட பிரதிகளில் அந்த ராத்திரி முழுக்கத் தொலைந்துபோய்விட்டது. எங்கள் மாடியில் ஓடியது அப்படி ஒரு பிரதி.

நீலப் பிரதியை மறுபடி மாடியில் போட்டேன். பெரியம்மாவை வற்புறுத்தி உட்கார வைத்தேன். அதே சவப்பெட்டி, அதே நடை. யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அந்தப் படிக்கட்டுக் காட்சி. ஓர்லோக்கின் உருவம் திரையில் இல்லை. சுவரில் அவன் நிழல் மட்டும் கூனிக்கொண்டு படியேறுகிறது. கதவை நெருங்க நெருங்கக் கைவிரல்களின் நிழல் நீண்டுகொண்டே போகிறது. அடுத்து அந்தக் கை நிழல் எல்லன் என்ற பெண்ணின் உடம்பில் ஊர்ந்து, நெஞ்சுக்கு வந்ததும் மூடுகிறது. அவள் துடிக்கிறாள். தொட்டது நிழல்தான். இதற்கு ஆன செலவு ஒரு விளக்கும் ஒரு வெள்ளைச் சுவரும். பெரியம்மா படம் முடிந்து கீழே இறங்கும்போது, "முன்னாடி போய் படிக்கட்டு லைட்டப் போடுடா" என்றார்.

ஆகவே பிரதி தேடும்போது மூன்றைப் பாருங்கள். சாயம் இருக்கிறதா? நீளம் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கிறதா? ஆட்கள் குடுகுடுவென்று ஓடாமல் நிதானமாக நடக்கிறார்களா? ஊமைப் படங்களை நொடிக்குப் பதினெட்டு ஃப்ரேம் போன்ற வேகத்தில் எடுத்தார்கள். அதை இருபத்து நான்கில் ஓட்டினால் எல்லோரும் பொம்மை போல ஓடுவார்கள், பயம் காணாமல் போய்விடும். முர்னாவ் அறக்கட்டளை சார்பில் 2006-இல் சீரமைத்த வடிவம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வெயில் பட்டால் காட்டேரி செத்துவிடும் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அது ஸ்டோக்கரின் நாவலில் இல்லை. நாவலின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான், சக்திதான் குறைவு. வெயிலில் கரைந்துபோகும் முடிவைக் கொண்டுவந்தது இந்தப் படம். நாவலில் கூட்டமாகத் துரத்திப் போய்க் கத்தியால் குத்திக் கொல்கிறார்கள். படத்தில் சேவல் கூவுகிறது, ஜன்னலில் வெளிச்சம் வருகிறது, ஓர்லோக் புகையாகிவிடுகிறான். நூறு ஆண்டுகளாகப் பணக்காரப் படங்கள் எல்லாம் கையாளும் விதி, கடனில் மூழ்கிப்போன ஒரு சின்ன நிறுவனம் கொடுத்தது.

பழைய படம் என்றாலே தூக்கம் வரும் என்பவர்கள் 2014-இல் வந்த 'எ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்' படத்திலிருந்து தொடங்கலாம். இயக்கியவர் அனா லில்லி அமிர்பூர். பேசுவது பாரசீகம், கதை நடப்பது ஈரானியக் கற்பனை ஊர், படம் பிடித்தது கலிஃபோர்னியாவின் டாஃப்ட் என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். காட்டேரிக்குத் தனியாக மேலங்கி தைக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை மூடும் ஈரானியக் கறுப்பு அங்கியான சாதோரைப் போட்டிருக்கிறாள், அதுதான் மேலங்கி. ஸ்கேட் பலகையில் ஏறி வெறிச்சோடிய தெருவில் வரும்போது அது காற்றில் விரிகிறது, வௌவால் சிறகு வந்துவிடுகிறது.

இரண்டாவது படி: ஒரே செட்டில் இரண்டு டிராகுலா

இது ஒரு பயிற்சி. ஒரே வாரத்தில் இரண்டு படங்களையும் பார்க்க வேண்டும்.

பேசும் படம் வந்த புதிதில் டப்பிங் வசதி சரியாக இல்லை. அதனால் ஹாலிவுட்டில் ஒரே கதையை வேறு மொழி நடிகர்களை வைத்துத் திரும்ப எடுப்பார்கள். யுனிவர்சல் நிறுவனம் 1931-இல் வெளியிட்ட 'டிராகுலா'வில் பேலா லுகோசி நடித்தார், டாட் பிரௌனிங் இயக்கினார். அவர்கள் பகலில் எடுத்து முடித்துப் போன பிறகு, அதே செட்டில் ராத்திரி முழுக்க ஸ்பானிஷ் குழு வேலை செய்தது. இயக்கிய ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு எடுத்தார். ஆங்கிலப் படத்துக்கு ஆன பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இவர்களுக்குக் கிடைத்தது.

இவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பகல் குழு எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதைவிட நன்றாக எடுக்கலாமே என்று முயல முடிந்தது. கோட்டைப் படிக்கட்டில் டிராகுலா முதன்முதலாக விருந்தாளியை வரவேற்கும் காட்சியை இரண்டிலும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்பானிஷ் படத்தில் கேமரா படிக்கட்டில் மேலே பாய்ந்து அவன் முகத்துக்குப் போகிறது. ஆங்கிலப் படத்தில் அந்தப் பாய்ச்சல் இல்லை. அதே படி, அதே சிலந்தி வலை.

சரி, அப்படியானால் ஸ்பானிஷ் படம்தான் சிறந்ததா? பலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. அது அரை மணி நேரம் நீளம் கூட, சில இடங்களில் இழுக்கிறது. கார்லோஸ் வில்லாரியாஸ் கண்ணை விரித்துப் பல்லைக் காட்டிப் பாடுபடுகிறார். லுகோசி சும்மா நிற்கிறார், அதுவே போதுமாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டையும் பார்த்த பிறகு, பணம் எதை வாங்கும், எதை வாங்காது என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது படி: உட்காரும் விதம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பாருங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள். குறைந்த செலவுப் படங்களில் பாதிக் காட்சி இருட்டிலேயே இருக்கும். டியூப் லைட் வெளிச்சம் திரையில் பட்டால் உங்கள் முகம்தான் தெரியும். இந்தப் படங்களில் முதலில் அடிபடுவது ஒலி. வசனம் புரியாது, பின்னணி இசை திடீரென்று காதைக் கிழிக்கும். ஹெட்ஃபோன் போட்டு, சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் பேச்சாகவே போகும், ஏனென்றால் பேச்சுக்குச் செலவில்லை. அந்த அரை மணிக்குள் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம். நான் சொல்லும் படங்களில் 1970-களிலும் அதற்குப் பிறகும் வந்தவை பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. ரத்தத்தைவிடக் கடுமையான காட்சிகள் உண்டு.

நான்காவது படி: சிரிப்பு வரும்போது

வரும். அடக்க வேண்டாம். 'நோஸ்ஃபெராட்டு'வில் ஓநாய் மனிதன் சுற்றுகிறான் என்று ஊரே நடுங்கும், அடுத்த காட்சியில் ஒரு வரிக் கழுதைப்புலி நின்றுகொண்டிருக்கும். லுகோசியின் 'டிராகுலா'வில் டிரான்சில்வேனியக் கோட்டைக்குள் ஆர்மடில்லோ ஊர்ந்து போகும். அது அமெரிக்கக் கண்டத்துப் பிராணி. சிரித்துவிட்டு, பார்வையைத் திரையிலேயே வைத்திருங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அடுத்த கிண்டலைத் தயார் செய்ய ஆரம்பித்தால், அதோடு படம் போய்விடும். நான் இதை அனுபவத்தில் சொல்கிறேன். நண்பர்களோடு கூட்டமாகப் பார்த்த ஒரு படத்தில், முதல் காட்சியிலேயே ஒருவர் கிண்டல் ஆரம்பித்தார். நன்றாகத்தான் சிரித்தோம். மறுநாள் அந்தப் படத்தின் கதை என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து புதுப் படத்தை முதல் தடவை தனியாகவோ ஒருவரோடோதான் பார்க்கிறேன். இரண்டாவது தடவைக்குக் கூட்டம் சேர்க்கலாம்.

சிரிப்பைப் பற்றிப் பேசினால் எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' பற்றிப் பேசியே ஆக வேண்டும். 1980-இல் ஒரு புத்தகம் இதை உலகிலேயே மோசமான படம் என்று அறிவித்தது, அந்தப் பட்டமே இதற்கு ஆயிரக்கணக்கான ரசிகர்களைக் கொண்டுவந்தது. வேற்றுக்கிரகவாசிகள் செத்தவர்களை எழுப்பும் கதை. எழுப்பப்படும் கிழவர் டிராகுலா மேலங்கியில் வருவார். அவர் பேலா லுகோசி.

லுகோசி 1956 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அதற்கு முன் எட் வுட் வேறு எதற்கோ எடுத்து வைத்திருந்த சில நிமிட ஊமைக் காட்சிகள்தான் படத்தில் இருப்பவை. மீதி இடங்களில் ஒரு கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பு வைத்தியர், மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடித்தார். லுகோசியைவிட உயரம், சாயலும் இல்லை. ரசிகர்கள் சிரிப்பது இந்த இடத்தில்தான்.

அதே படத்தில் ஒரு துண்டுக் காட்சியை மட்டும் தனியாகப் பாருங்கள். ஒரு சின்ன வீட்டிலிருந்து லுகோசி வெளியே வருகிறார். கையில் தடி. வாசலில் பூத்திருக்கும் ஒரு பூவைப் பறிக்கிறார், பார்க்கிறார், முகம் உடைந்துபோகிறது. மனைவி செத்துப்போன கிழவர் என்று கதை சொல்கிறது. 1931-இல் உலகத்தையே பயமுறுத்திய அந்த முகம், எழுபத்து மூன்று வயதில், செட்டுக்குக்கூடக் காசில்லாத ஒரு படத்தில், ஒரு பூவை வைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அந்த இடத்தில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. எட் வுட்டுக்கு லுகோசியின் மேல் இருந்த அன்பு அந்த ஃபிலிம் துண்டில் அப்படியே இருக்கிறது. அதைக் குப்பையில் போட மனசு வராமல்தான் அதைச் சுற்றி ஒரு படமே கட்டினார் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாவது படி: பணம் இல்லாத இடத்தில் என்ன செய்தார்கள் என்று தேடுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒவ்வொரு படத்திலும் ஓரிடமாவது இருக்கும்.

1957-இல் இத்தாலியில் 'இ வாம்பிரி' வந்தது. பன்னிரண்டு நாளில் முடிக்கிறேன் என்று தயாரிப்பாளர்களிடம் வாக்குக் கொடுத்த ரிக்கார்டோ ஃப்ரேடா பத்தாவது நாளில் விலகிவிட்டார். ஒளிப்பதிவாளர் மரியோ பாவா மீதியை இரண்டு நாளில் முடித்தார். அதில் ஓர் அழகி கேமரா முன்னாலேயே, காட்சியில் வெட்டு எதுவும் இல்லாமல், கிழவியாகிவிடுவாள். சுருக்கம் ஒவ்வொன்றாக முகத்தில் எழும். எப்படிச் செய்தார்கள்? நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் கோடுகள் போடுங்கள். சிவப்புக் கண்ணாடித் தாளைக் கண்ணுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் கோடு மறைந்துவிடும். நீலமோ பச்சையோ வைத்துப் பார்த்தால் கறுப்பாக எழும். பாவா செய்ததும் இதுவே. நடிகையின் முகத்தில் வண்ண மையால் சுருக்கம் வரைந்து, முதலில் அதே நிற வெளிச்சத்தில் காட்டி, மெதுவாக வெளிச்சத்தின் நிறத்தை மாற்றினார். படம் கறுப்பு வெள்ளை என்பதால் பார்ப்பவர்களுக்கு நிறம் மாறியது தெரியாது, முகம் மாறியதுதான் தெரியும்.

அன்றைய இத்தாலிய ரசிகர்கள் அதைப் பார்க்க வரவில்லை. சுவரொட்டியில் இத்தாலியப் பெயரைப் பார்த்ததும், நம்மாள் எடுத்த பேய்ப்படமா என்று போய்விடுகிறார்கள் என்பது ஃப்ரேடாவின் கணக்கு. அதற்கப்புறம் ராபர்ட் ஹாம்ப்டன் என்று ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு படம் எடுத்தார்.

டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1932-இல் வெளியிட்ட 'வாம்பைர்' இன்னொரு கதை. பணம் போட்டவர் நிக்கோலஸ் டி குன்ஸ்பர்க் என்ற இளம் பிரபு. தானே கதாநாயகனாக நடிப்பேன் என்பது அவர் நிபந்தனை. தொழில்முறை நடிகர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் பார்க்கும்போது பிடித்துப்போய்க் கூட்டிவந்த முகங்கள். செட் போடவில்லை, பிரான்ஸில் ஒரு கிராமத்தின் கட்டடங்களிலேயே எடுத்தார்கள். முதலில் எடுத்த சில காட்சிகளில் தவறாக விழுந்த ஒரு வெளிச்சத்தால் படம் சாம்பல் பூத்தது போல வந்துவிட்டது. டிரையர் அதைத் தூக்கிப் போடவில்லை. இதுதான் என் படத்தின் நிறம் என்று முடிவு செய்து, கேமராவுக்கு முன்னால் மெல்லிய துணியைக் கட்டி, படம் முழுக்க அந்த மங்கலைக் கொண்டுவந்தார். பார்த்தால் கனவில் நடப்பது போலவே இருக்கும். நிழல் ஆளை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போகும். சவப்பெட்டிக்குள் கிடப்பவனின் கண்ணாலேயே, மேலே ஒரு கண்ணாடிச் சதுரம் வழியாக, வானமும் மரங்களும் நகர்ந்து போவதைக் காட்டுவார். தன்னைப் புதைக்கத் தூக்கிப் போகிறார்கள் என்பதைத் தானே பார்க்கிறான்.

பெர்லினில் முதல் காட்சியன்று கூச்சல் போட்டு அவமதித்தார்கள். வியன்னாவில் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டு ரகளை நடந்தது. டிரையர் நொறுங்கிப்போனார். அவருடைய அடுத்த முழுநீளப் படம் 1943-இல்தான் வந்தது. இன்று உலகின் பெரிய ஆவணக் காப்பகங்கள் அந்தப் படத்தின் ஒவ்வொரு அடியையும் பொத்திப் பாதுகாக்கின்றன. அந்தப் பதினொரு ஆண்டுகளை மட்டும் அவருக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அடுத்து 'மார்ட்டின்'. ஜார்ஜ் ரொமேரோ பென்சில்வேனியாவில் எடுத்தது, 1977-இல் முதலில் திரையிடப்பட்டது. என்னைக் கேட்டால் காட்டேரிப் படங்களிலேயே மிக நேர்மையானது இதுதான். பிட்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் பிராடாக் என்ற எஃகு ஆலை ஊர். வேலை போய், கடைகள் மூடி, இளைஞர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். ரொமேரோ செட் போடவில்லை, போடவும் முடியாது. அந்த ஊரையே படம் பிடித்தார். ரத்தம் குடிக்கும் மார்ட்டினுக்குக் கோரைப்பல் இல்லை. ஊசியில் மயக்க மருந்து, கையில் சவர பிளேடு. பார்க்க சாதாரணக் கூச்ச சுபாவப் பையன். தொடக்கத்தில் ஒரு ரயில் காட்சி இருக்கிறது. கதவைத் திறந்ததும், மெல்லிய உடையில் ஒரு பெண் கையை நீட்டி வரவேற்பது போல அவன் மனசுக்குள் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் வண்ணத்தில் இருப்பது முகத்தில் பூச்சு பூசிக்கொண்டு தூங்கப் போகும் ஒரு சாதாரணப் பயணி. அவள் கத்துகிறாள், போராடுகிறாள், அவன் பயந்துகொண்டே மன்னிப்புக் கேட்பது போல ஏதேதோ சொல்கிறான். அந்தக் கொலை நடந்து முடிய எடுத்துக்கொள்ளும் நேரமும், அதன் அசிங்கமும், பெரிய படங்களில் ஒருநாளும் வராது. அவற்றில் மேலங்கி விரியும், வெட்டு, அடுத்த காட்சி.

அவனுடைய கிழட்டு உறவினர், கூடா என்பவர், வீடு முழுக்கப் பூண்டு கட்டித் தொங்கவிடுவார். மார்ட்டின் அந்தப் பூண்டைக் கடித்துக் காட்டுவான், சிலுவையைத் தொட்டுக் காட்டுவான். மந்திரமெல்லாம் கிடையாது என்பதுதான் அவன் வாதம். அவன் நிஜமாகவே காட்டேரியா, மனம் கெட்டுப்போன பையனா என்று படம் சொல்லவே சொல்லாது. பார்த்து முடித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பூட்டிய கடைகளுக்கு நடுவே அவன் மளிகைப் பையோடு நடந்து போகும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஊரில் உயிர் உறிஞ்சப்பட்டிருப்பதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை, தெரு காட்டுகிறது.

ஆறாவது படி: நம் பக்கத்தில் வந்தவை

1967-இல் லாகூரில் குவாஜா சர்ஃப்ராஸ் 'ஜிந்தா லாஷ்' எடுத்தார். சாகாமல் இருக்க மருந்து கண்டுபிடிக்கும் பேராசிரியர் தபானி அதைக் குடித்துச் செத்து, காட்டேரியாக எழுந்துவிடுவார். ரெஹான் நடித்தார். பாகிஸ்தானில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் வாங்கிய முதல் படம் என்று சொல்வார்கள். கதை பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் 1958-இல் எடுத்த 'டிராகுலா'வை ஏறக்குறைய அப்படியே தொடர்கிறது, குதிரை வண்டிக்குப் பதில் கார். நடுநடுவே பாட்டும் ஆட்டமும் உண்டு. 2003 வாக்கில் இது டிவிடியாக மேற்கே போனபோது, பேய்ப்படத்தில் எப்படிப் பாட்டு என்று அங்கே ஆச்சரியப்பட்டார்கள். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஆவி வரும் வீட்டில் பாட்டுப் பாடுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்தப் படத்தைப் பார்க்க உலகத்திலேயே பொருத்தமான கண் நம்முடையது, தயங்காமல் பாருங்கள்.

பம்பாயின் ராம்சே சகோதரர்கள் கதை, ரசிகர்களைக் கவனித்து ஒரு குடும்பமே தொழிலை மாற்றிக்கொண்ட கதை. அவர்கள் அப்பா 1970-இல் தயாரித்த ஒரு படம் ஓடவில்லை. அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கர முகமூடி போட்டுக்கொண்டு திருட வரும் காட்சி ஒன்று உண்டு. அந்த ஒரு காட்சிக்காக மட்டும் ஆட்கள் தியேட்டருக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதை மகன்கள் கண்டுகொண்டார்கள். முழுப் படத்தையும் அப்படியே எடுத்தால் என்ன என்று தோன்றியது. 1972-இல் முதல் பேய்ப்படம் வந்தது. ஏழு சகோதரர்கள். ஒருவர் கேமரா, ஒருவர் ஒலி, ஒருவர் எழுத்து, ஒருவர் எடிட்டிங், இருவர் இயக்கம் என்று வேலை வீட்டுக்குள்ளேயே முடிந்தது. காட்டேரிக்கு 1990-இல் வந்த அவர்களுடைய 'பந்த் தர்வாஜா' பாருங்கள். காட்டேரியாக வரும் அஜய் அகர்வாலின் உயரத்தையும் முகத்தையும் மட்டும் நம்பி விளக்கு வைத்திருப்பார்கள். நடுவில் வரும் நகைச்சுவைப் பகுதியை ஓட்டிவிடலாம், நஷ்டமில்லை.

ஏழாவது படி: மதிப்பெண்ணைக் கடைசியாகப் பாருங்கள்

படம் முடிந்ததும் விமர்சனம் தேடிப் போகாமல், ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். எந்த இடத்தில் பயம் வந்தது, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் 'இதை எப்படிச் செய்தார்கள்' என்று தோன்றியது. அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள். பத்துக்கு நாலு என்று ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால், அந்த நாலுதான் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, அந்த எண் போட்டவர்கள் எந்தப் பிரதியைப் பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

இதற்குப் பெரிய சாட்சி பில் கன் எடுத்த 'கஞ்சா அண்ட் ஹெஸ்'. 1972-இல் 'பிளாக்குலா' என்ற படம் ஓடியதைப் பார்த்து, கறுப்பின ரசிகர்களுக்கு அதே மாதிரி ஒரு காட்டேரிப் படம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் அவரிடம் மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். அவர் வேறு ஒன்றை எடுத்தார். பழங்காலக் கத்தியால் குத்தப்பட்டு ரத்தப் பசி பிடித்த ஒரு மானுடவியல் அறிஞர், அவரை மணக்கும் கஞ்சா என்ற பெண், தேவாலயம், ஆப்பிரிக்க நினைவு, அடிமைப்பட்ட பழக்கம் என்று போகும் படம். டுவேன் ஜோன்ஸும் மார்லீன் கிளார்க்கும் நடித்தார்கள். 1973 கான் திரைப்பட விழாவில் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவில் கைதட்டல் கிடைத்தது. நியூயார்க்கில் விமர்சனங்கள் கைவிட்டன. கன் நியூயார்க் டைம்ஸுக்கு, கறுப்பினக் கலைஞனாக இருப்பது என்ன என்று ஒரு கடிதம் எழுதினார். தயாரிப்பாளர்கள் படத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அதை வெட்டி, மாற்றி ஒட்டி, 'பிளட் கப்பிள்' என்ற பெயரில் விட்டார்கள். கன் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பல ஆண்டுகள் மக்கள் பார்த்து, குழம்பி, மட்டம் தட்டியது அந்த வெட்டுப்பட்ட படத்தை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முழுப் பிரதி ஒன்று இருந்ததால் படம் பிழைத்தது. பிற்பாடு சீரமைத்து வெளியிட்டார்கள். ஸ்பைக் லீ அதை 2014-இல் திரும்ப எடுத்தார். பில் கன் 1989-இலேயே போய்விட்டார்.

இந்தப் படத்தைத் தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். 110 நிமிடத்துக்கு மேல் இருந்தால் அது கன் எடுத்த படம். 78 நிமிடம் என்று இருந்தால் மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.